ஏழு பேரில் முதல்

பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்த பிள்ளைக்கு இடம் கிடையாது என்று ஒரு கம்ப்யூட்டர் சொல்கிறது. அது சொல்வது சரிதான் என்று பல்கலைக்கழக ஆபீஸ் பெண் ஒருத்தி போனில் சொல்கிறாள். இரண்டையும் கேட்டுக்கொண்டு பெற்றவள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமாம். மாதேஸ்வரிக்கு அது நடக்கிற காரியமா?

"இன்னொரு வாட்டி சொல்லும்மா. நிதானமா சொல்லு. நானும் டிப்ளமோ படிச்சவதான், புரிஞ்சிக்குவன்."

"மேடம், உங்க டாட்டர் ஸ்கூல்ல டாப் டென் பர்சென்ட்ல வரல மேடம்."

"அவ ஃபர்ஸ்ட்டும்மா. ஃபர்ஸ்ட்டுக்கு மேல என்னா இருக்குது?"

"கிளாஸ்ல மொத்தமே ஏழு பேர்தான் மேடம். ஏழுல ஒண்ணுன்னா ஃபோர்ட்டீன் பாயிண்ட் டூ எய்ட் வருது. பத்துக்குள்ள இருக்கணும். சிஸ்டம் எடுக்காது."

"சரி, ஏழு பேர்ல பத்து பர்சென்ட்னா எத்தன பேரு?"

பாவம், அந்தப் பெண் நிஜமாகவே கணக்குப் போட்டாள். "பாயிண்ட் செவன், மேடம்."

"அப்ப என் பொண்ணுல முப்பது பர்சென்ட்ட வெட்டி ஊட்டுல வெச்சிக்கிட்டு, மீதிய அனுப்பட்டுமா?"

பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெரியதம்பி, "விடு மாதேசு, அந்தப் பொண்ணு என்ன பண்ணும்" என்றார். பதினெட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவர் அதிகம் சொன்ன வார்த்தை 'விடு'. கம்பெனி பஸ் ஓட்டுகிற மனுஷன். தினமும் ஓசூர் ரிங் ரோட்டு நெரிசலில் பொறுமையைப் பழகி, அதை வீட்டுக்கும் கொண்டு வந்து அவளுடைய உயிரை வாங்குவார்.

விடுகிற விஷயமா இது? சத்யப்ரியா அறுநூற்றுக்கு ஐநூற்று எழுபத்தொன்று வாங்கியிருந்தாள். கணக்கில் நூறு. அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போகிற வழியில் இருக்கும் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷக் கணிதப் படிப்பு இருக்கிறது என்று அவளேதான் தேடிக் கண்டுபிடித்தாள். சொந்தக்காரர்கள் எல்லாம் கணக்குப் படித்து என்ன செய்யப் போகிறாய், டியூஷன் எடுக்கப் போகிறாயா என்று கேட்டார்கள். பிள்ளை அசையவில்லை. ஊர்ப்புறத்துச் சின்னப் பள்ளிகளில் படித்த கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று அங்கே முழு இலவச இடம் ஒதுக்கியிருந்தார்கள், விடுதியோடு சேர்த்து. மதிப்பெண்ணைப் பார்த்ததும் தற்காலிகமாக இடம் கொடுத்து மெயிலும் அனுப்பிவிட்டார்கள். பிள்ளை அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்கூடப் போடவில்லை, அம்மாவின் போனுக்கு மட்டும் அனுப்பினாள். அதன்பிறகு சரிபார்ப்பு என்ற ஒன்று வந்தது. பள்ளியில் எத்தனை பேர் எழுதினார்கள் என்ற கட்டத்தில் ஏழு என்று அடித்த உடனே திரை சிவந்துவிட்டது.

மாதேஸ்வரிக்கு ஆத்திரம் வந்ததே இந்த இடத்தில்தான். சின்னப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று திட்டம் போட்டவர்கள், சின்னப் பள்ளியில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க மாட்டார்களா? பத்துப் பேருக்குக் குறைவாக இருக்கிற எந்தப் பள்ளியிலிருந்தும், வானத்திலிருந்து குதித்த பிள்ளையே படித்தாலும் இவர்கள் வாசலைத் தாண்ட முடியாது. குள்ளமானவர்களுக்கென்று தனி பஸ் விட்டு, அதன் படியை இடுப்பு உயரத்தில் வைத்த மாதிரி இருக்கிறது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" அந்தப் பெண் திடீரென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வருஷ ஆரம்பத்துல, ஜூன் மாசம், ப்ளஸ் டூல எத்தன பேர் இருந்தாங்க?"

மாதேஸ்வரி மகளைப் பார்த்தாள். "பன்னெண்டு" என்றாள் சத்யப்ரியா.

"அப்ப ஒரு வழி இருக்கு மேடம். ஜூன் அட்டெண்டன்ஸ் எண்ணிக்கைய எடுத்துக்கலாம்னு ரூல் இருக்கு. நடுவுல டிசி வாங்கிப் போனவங்க, நாங்க அங்க படிச்சோம், இன்ன காரணத்துக்காகப் போனோம்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். ஸ்கூல் சீல் வேணும். எத்தன பேர் கையெழுத்து போடறாங்களோ அத்தன பேர சேத்துக்கலாம். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள அப்லோட் பண்ணிடுங்க."

அன்று புதன்கிழமை. ஏழோடு மூன்று சேர்ந்தால் பத்து. பத்தில் ஒன்று என்றால் சரியாகப் பத்து சதவீதம். மாதேஸ்வரி ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "போன அஞ்சு பேர் யார் யாரு, சொல்லு" என்றாள்.

சத்யப்ரியா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்குத் தெரியாதாம்மா?" என்றாள்.

தெரியும். தெரியாமல் எங்கே போகும்?

அந்தப் பள்ளி கெலமங்கலம் போகிற வழியில் இருக்கிறது. முன்பு கிரானைட் பாலிஷ் போடுகிற ஷெட்டாக இருந்ததை வாங்கி, நடுவில் சுவர் எழுப்பி, பெயர்ப் பலகை மாட்டினார் தாளாளர் சௌந்தரராஜன். ஊரில் இன்றைக்கும் அதைக் கல்லு ஷெட் ஸ்கூல் என்றுதான் சொல்வார்கள். ப்ளஸ் டூ ஆரம்பித்து மூன்றே வருஷம். பெரிய பள்ளிகளோடு மோத வேண்டுமென்றால் சௌந்தரராஜனிடம் ஒரே ஒரு ஆயுதம்தான் இருந்தது. நூற்றுக்கு நூறு தேர்ச்சி. கேட்டின் மேல் அந்த பேனரைக் கட்டினால்தான் அடுத்த வருஷம் பிள்ளைகள் வருவார்கள். அதற்காக, பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்புவதற்கு முன்னால், தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு டிசியைக் கையில் கொடுத்துவிடுவார். இப்படிச் செய்கிற பள்ளிகளைப் பற்றி எல்லாரும் எல்லா இடத்திலும் பேசிக்கொள்வார்கள். தன் பிள்ளை மாட்டாதவரை யாரும் தப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

போன அக்டோபரில், காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பெற்றோர் கூட்டம் போட்டார். நானாகச் செய்தால் நன்றாக இருக்காது, பெற்றோர்களே கேட்டுக்கொண்ட மாதிரி ஒரு மனு இருந்தால் தேவலாம் என்றார். மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளால் நம் பிள்ளைகளின் பாடம் நின்று போகிறது, அவர்களுக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள் என்று இரண்டு வரி. "மாதேஸ்வரி மேடம் எழுதட்டும். அவங்க கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்" என்றார். அவள் எழுதினாள். முதல் கையெழுத்தும் அவளே போட்டாள். அதோடு நின்றாளா? சிப்காட்டில் கியர் பாகம் செய்கிற கம்பெனியில் லைன் இன்ஸ்பெக்டராக இருக்கிற திமிரில், எழுந்து நின்று ஒன்று சொன்னாள்.

"எங்க கம்பெனில ரிஜெக்ட் பீஸ எடுத்து ரெட் பின்ல, அந்தச் செவப்புப் பெட்டில, போட்டாத்தாங்க லைன் ஓடும்."

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஒருவர் சிரித்தார். பின் பெஞ்சில், அந்த ஐந்து பேரில் ஒருத்தியான கௌசரின் அப்பா ரசூல் உட்கார்ந்திருந்ததை அவள் கூட்டம் முடிந்து வெளியே வரும்போதுதான் பார்த்தாள்.

வியாழக்கிழமை லீவு போட்டாள். பெரியதம்பியும் லீவு போட்டு வண்டியை எடுத்தார். ஐந்து பேரில் ஒருவன் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டான், நம்பர் இல்லை. இன்னொருவன் பெங்களூரில் எங்கோ வேலை, போனை எடுக்கவே இல்லை. மிச்சம் மூன்று பேர். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் கணக்கு நேராகும். ஒருவர் மாட்டேன் என்றாலும் ஒன்பதில் ஒன்று, பதினொரு சதவீதம், திரை சிவக்கும்.

முதலில் தளி. மோகன்குமார் ரோஜாத் தோட்டத்தில் வேலைக்குப் போயிருந்தான். அவன் அம்மா சென்னம்மா பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் வரவேற்று, ஆளனுப்பி மகனை வரவழைத்து, சுடச்சுடக் காபியும் கொடுத்தாள். மோகன்குமார் காகிதத்தைப் படித்தான். 'பள்ளியை விட்டுச் சென்ற காரணம்' என்ற இடத்தில் வந்து நின்று, "டிசில சொந்த விருப்பம்னு போட்டிருந்தாங்க. அதையே போடட்டுமா ஆன்ட்டி?" என்று கேட்டான். போடு கண்ணு என்றாள். போட்டான். எந்தப் பள்ளியிலும் சேரவில்லை, பரீட்சையும் எழுதவில்லை என்று சென்னம்மா காபி டம்ளரைத் திரும்ப வாங்கும்போது சாதாரணமாகச் சொன்னாள். மாதேஸ்வரி காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

அங்கிருந்து சுற்றிக்கொண்டு குருபரப்பள்ளி. ஹைவே ஓரம் பஞ்சர் கடையில் முத்துக்குமார் இருந்தான். தனித்தேர்வராக எழுதி இரண்டு பாடம் போய்விட்டதாம், திரும்ப எழுதப் போகிறானாம். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, லாரி டயரின் மேல் காகிதத்தை வைத்து அவனும் சொந்த விருப்பம் என்றே எழுதினான். "சத்யாவுக்கு கங்கிராட்ஸ் சொல்லுங்க ஆன்ட்டி" என்றான்.

திரும்பி வரும்போது மாதேஸ்வரி வழியெல்லாம் எரிந்து விழுந்தாள். பல்கலைக்கழகத்தைத் திட்டினாள். கம்ப்யூட்டரைத் திட்டினாள். வேகத்தடையில் வண்டி குதித்ததற்குப் புருஷனைத் திட்டினாள்.

"இப்ப யார் மேல கோவம் உனக்கு?" என்று கேட்டார் பெரியதம்பி.

"வண்டிய பாத்து ஓட்டுங்க" என்றாள்.

கெலமங்கலம் சந்தைக்குப் பின்னால் ரசூலின் வீடு. தக்காளி மண்டியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். உள்ளே வரச் சொன்னார், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுவே அவளுக்கு முள்ளாக இருந்தது. நான்கு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசித் தீர்த்திருப்பாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டார்.

"ரெட் பின்ல போட்டத எடுத்து எண்ணிப் பாக்க வந்திருக்கீங்க, அப்படித்தானேம்மா?" என்றார்.

பெரியதம்பி தரையைப் பார்த்தார். இந்த ஒரு தடவை அவருக்கும் 'விடு' என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஆமா பாய்" என்றாள் மாதேஸ்வரி. "அந்த வார்த்தைய சொன்னவ நாந்தான். மனு எழுதுனதும் நாந்தான்."

"எழுதுனது நீங்கதான்னு எனக்கு அப்பவே தெரியும் ஆன்ட்டி." கதவருகே நின்றிருந்த கௌசர் சொன்னாள். "எங்க வாப்பாகிட்ட ஆபீஸ்ல காட்டுனப்ப நானும் பாத்தன். சத்யா நோட்டுக்கெல்லாம் நீங்கதான அட்டை போட்டு பேரு எழுதுவீங்க. அந்த எழுத்து எனக்குத் தெரியாதா?"

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை. மாதேஸ்வரி எத்தனையோ தடவை சத்யாவுக்குச் சேர்த்து இவளுக்கும் எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்திருக்கிறாள். அவமானத்தில் காது சூடாகிவிட்டது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். எழுந்து போனால் சத்யாவின் இடம் போய்விடும். அதனால் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ரசூல் மகளைப் பார்த்தார். "உன் இஷ்டம்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டன்."

கௌசர் வந்து காகிதத்தை வாங்கினாள். மோகன்குமாரும் முத்துக்குமாரும் எழுதியதைப் படித்தாள். "நான் சொந்த விருப்பம்னு எழுத மாட்டன் ஆன்ட்டி. நடந்தத எழுதறன். பரவால்லையா?"

"எழுதும்மா."

அவள் எழுதினாள்: 'கணக்கில் தேற மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அரசுப் பள்ளியில் சேர்ந்து எழுதினேன். கணக்கில் 78.' கீழே கையெழுத்துப் போட்டாள். வாசல் வரை வந்து, "சத்யாவ ஒரு வாட்டி வரச் சொல்லுங்க. டிசி வாங்குனதுல இருந்து அவ என்னய பாக்க வரவே இல்ல" என்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். அட்மிஷன் காலம். ஆபீஸுக்கு வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பெற்றோர் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். கேட்டின் மேல் புது பேனர். நூறு சதவீதம் என்று தடித்த எழுத்து, நடுவில் சத்யப்ரியாவின் படம், சுற்றி மற்ற ஆறு பேர்.

சௌந்தரராஜன் எழுந்து நின்று வரவேற்றார். காகிதத்தை வாங்கிப் பார்த்தார். முதல் இரண்டு வரிக்கும் தலையாட்டினார். மூன்றாவது வரியில் அவர் முகம் மாறியது.

"இதென்ன மேடம்? இது வெளிய போனா ஸ்கூல் பேரு என்னாகறது? இதுக்கு நான் சீல் வெக்க முடியாது."

"அஞ்சு மணிக்குள்ள ஏத்தணும் சார்."

"அதுக்கென்ன, அஞ்சு நிமிஷ வேலை." இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "புதுசா ஒண்ணு எழுதிடலாம். மூணு பேருக்கும் சொந்த விருப்பம். அந்தப் பொண்ணு கையெழுத்துதானே, யார் போய் பாக்கப் போறா? நீங்களே எழுதிடுங்க மேடம். உங்க கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்."

அதே வார்த்தை. அதே பேனாவைக்கூட நீட்டினார் என்று அவளுக்குத் தோன்றியது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பது. பக்கத்தில் நின்ற சத்யாவும் அதைத்தான் பார்த்தாள். எழுதினால் இடம் கிடைத்துவிடும். எழுதாமல் போனால், நூறு வாங்கிய பிள்ளை வேறு எங்காவது, கிடைத்த படிப்பில். ஒரு நிமிஷம் மாதேஸ்வரி அந்த வெள்ளைத் தாளின் மேல் பேனா வைக்கத்தான் போனாள், அதை மறைப்பானேன்.

பிறகு அதைத் தள்ளிவிட்டுப் பழைய காகிதத்தை இழுத்தாள். கௌசர் எழுதியதற்குக் கீழே தன் அச்சடித்த மாதிரியான எழுத்தில் எழுதினாள்: 'மேற்கண்டது உண்மை. இவர்களை அனுப்பும்படி மனு எழுதி முதல் கையெழுத்துப் போட்டது நான்.' பெயர் எழுதி, தேதி போட்டாள்.

"சீல் வைங்க சார்."

"மேடம், நீங்க யோசிக்காம..."

"மூணு நாளா யோசிச்சிட்டுத்தான் வந்திருக்கறன்." அவள் குரல் ஏறியது. "உங்களுக்கு நூத்துக்கு நூறு வேணும்னு அஞ்சு புள்ளைங்கள வெளிய அனுப்புனீங்க. நானும் கூட நின்னன். அதனாலதான் பன்னெண்டு ஏழாச்சு, இன்னிக்கு ஏழுல முதல்னா எவனும் மதிக்கல. அந்த பேனர்ல இருக்கற என் பொண்ணுக்கே உங்க பேனர் உதவல சார்! வெளிய பெஞ்சுல எட்டு பேர் உக்காந்திருக்காங்க. இந்தப் பேப்பர அவங்ககிட்ட சத்தமா படிச்சுக் காட்டிட்டு வரன், அப்புறம் சீல் வெப்பீங்களா?"

சௌந்தரராஜன் கதவைப் பார்த்தார். பெஞ்சில் ஒரு அம்மா ஏற்கெனவே இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். அவர் மேசை மேல் இருந்த முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, காகிதத்தில் குத்தினார். அந்த வேகத்தில் முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்தது.

பள்ளிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து ஏற்றினார்கள். எண்ணிக்கைக் கட்டத்தில் பத்து என்று அடித்ததும் பத்து புள்ளி பூஜ்யம் பூஜ்யம் என்று வந்தது. திரை சிவக்கவில்லை. 'சரிபார்ப்பில் உள்ளது' என்று காட்டியது. கடைக்காரர் கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து இருவரும் காத்திருந்தார்கள். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அதே பெண் கூப்பிட்டாள்.

"மேடம், அப்ரூவ் ஆயிடுச்சு. சீட் கன்ஃபர்ம்." கொஞ்சம் தயங்கினாள். "லெட்டர படிச்சேன் மேடம். கடைசில நீங்க எழுதினதையும்." அதோடு போனை வைத்துவிட்டாள்.

மாதேஸ்வரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். சத்யப்ரியா சந்தோஷப்பட்டாள்தான், சிரித்தாள்தான். ஆனாலும் கையில் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எங்க ஏழு பேர்ல கணக்குல எழுபத்தெட்டுக்கு மேல எடுத்தது ரெண்டே பேர்தான். நானும் இன்னொருத்தனும்."

மாதேஸ்வரி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். நேற்றிலிருந்து அந்த எழுபத்தெட்டை எத்தனை தடவை பார்த்திருப்பாள். ஒரு தடவைகூட அதை இந்த ஏழு பேரோடு சேர்த்துப் பார்க்கவில்லை. பல்கலைக்கழகத்தையும் கம்ப்யூட்டரையும் தாளாளரையும் திட்டித் தீர்த்துவிட்டாள். இனித் திட்டுவதற்கு ஒரே ஒருத்திதான் பாக்கி. அவளைத் திட்ட வாயே வரவில்லை.

"கௌசருக்கு போன் போடு" என்றாள்.

"என்னான்னு சொல்றது?"

"பத்துப் பேர்ல நீ முதல்னு சொல்லு." மூக்கை உறிஞ்சி, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கணக்குல அவ மூணாவதுன்னும் சொல்லு. சாயங்காலம் ரெண்டு பேரும் வர்றம்னு சொல்லு."